நீள்வட்டத் தடப் பந்தயங்களின் இடஞ்சுழித் திசை

நீள்வட்டத் தடங்களில் நடக்கும் கார்ப் பந்தயங்களில், குறிப்பாக அமெரிக்காவின் நாஸ்கார், இண்டிகார் பந்தயங்களில், கார்கள் எப்போதும் இடப்புறமே திரும்பி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. இத்திசை இடஞ்சுழி எனப்படும். தடகள ஓட்டம், மிதிவண்டித் தடப் பந்தயம், பனிச்சறுக்கு வேகப் பந்தயம் ஆகியவற்றிலும் இதே திசைதான். ஆனால் தமிழ்நாட்டின் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும், பார்முலா 1 பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் பன்னாட்டுத் தடத்திலும் கார்கள் வலஞ்சுழியாக ஓடுகின்றன. இடஞ்சுழிக்கு இதயம் இருக்கும் பக்கம், பூமியின் சுழற்சி, ஓட்டுநர் இருக்கை எனப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆய்ந்து பார்த்தால் நிற்பதில்லை. குதிரைத் தடங்களில் இருந்து வந்த வழக்கம் ஒன்று, தடங்களும் வாகனங்களும் விதிகளும் அதற்கேற்ப அமைக்கப்பட்டதால் மாற்ற முடியாதபடி உறைந்துபோனது என்பதே பொருத்தமான விளக்கம்.

பெயர்

வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற சொற்கள் மேலிருந்து பார்க்கும்போது தெரியும் சுழற்சியைக் குறிக்கின்றன. சுற்றுபவருக்கு வலக்கைப் பக்கம் நடுவிடம் இருந்தால் வலஞ்சுழி. இடக்கைப் பக்கம் இருந்தால் இடஞ்சுழி. காவிரி வலமாக வளைந்து செல்வதால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் திருவலஞ்சுழி கும்பகோணத்துக்கு அருகில் உள்ளது. கடிகாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் இதற்குச் சொல் இருந்தது. ஆகவே 'எதிர்க்கடிகாரத் திசை' என்று நீட்டிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

நெய்வேலியில் இரு திசைகள்

திசை என்பது பழக்கம் சார்ந்தது என்பதைக் காட்ட, கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியம் நல்ல எடுத்துக்காட்டு. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. இதன் குடியிருப்புப் பகுதிகள் 'வட்டம்' என்றே அழைக்கப்படுகின்றன. அவை வட்ட வடிவில் இல்லை என்பது வேறு.

இங்குள்ள வில்லுடையான்பட்டு முருகன் கோயிலிலும், பெரிய ஐம்பொன் திருமேனிக்குப் பெயர்பெற்ற நடராசர் கோயிலிலும் அடியார்கள் சந்நிதியை வலமாகச் சுற்றுகிறார்கள். இறைவன் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. 'வலம் வருதல்' என்ற சொல்லிலேயே அது அடங்கியிருக்கிறது. சாலை ரவுண்டானாவிலும் இதே திசைதான். இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், ரவுண்டானாவை வலஞ்சுழியாகத்தான் சுற்ற முடியும். ஆனால் அதே ஊரின் பாரதி விளையாட்டரங்கில் ஓட்டப் போட்டி என்றால் வீரர்கள் இடஞ்சுழியாக ஓடுகிறார்கள். கோயிலில் வலமாகச் சுற்றிய கால்கள் திடலில் இடமாகச் சுற்றுகின்றன. அது யாருக்கும் முரணாகத் தோன்றுவதில்லை.

தமிழ் வழக்கில் இடமாகச் சுற்றுவது பொதுவாக இறுதிச் சடங்குகளோடு தொடர்புடையது. நவக்கிரகங்களைச் சுற்றும்போது ராகு, கேதுவுக்காக இரண்டு சுற்று இடமாக வரும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதுவும் விதிவிலக்காகவே கருதப்படுகிறது. மங்கலம், அமங்கலம் என்ற கருத்து இவ்வளவு ஆழமாக ஊன்றிய ஊரிலும், விளையாட்டு விதி வந்ததும் திசை எளிதாக மாறிவிட்டது. மனித உடல் இயல்பாகவே ஒரு பக்கம் சுற்ற விரும்புகிறது என்ற வாதத்தை ஏற்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடகள விதி

உலகத் தடகள அமைப்பின் விதி, வளைவு உள்ள ஓட்டங்களில் ஓடுபவரின் இடக்கை உட்பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. கோயில் விதியைப் போலவே இதுவும் எந்தக் கை நடுவிடத்தை நோக்கி இருக்க வேண்டும் என்றே பேசுகிறது. கை மட்டும் மாறியிருக்கிறது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் வீரர்கள் வலஞ்சுழியாக ஓடினார்கள். 1906இல் அதே அரங்கில் நடந்த போட்டிகளிலும் அப்படியே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டங்கள் இடஞ்சுழியாக நடந்தன. 1912இல் பன்னாட்டுத் தடகளச் சங்கம் அமைந்த பிறகு இடஞ்சுழி உலக விதியாயிற்று. அப்படியும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நெருங்கும்வரை தங்கள் தடங்களில் வலஞ்சுழியாக ஓடும் பழைய வழக்கத்தை விடவில்லை.

விதி வந்த பிறகு தடமே அதற்கேற்ப உருவானது. இன்றைய 400 மீட்டர் தடத்தில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 84.39 மீட்டர். 100 மீட்டர் ஓட்டத்துக்கும் 110 மீட்டர் தடை ஓட்டத்துக்கும் 84.39 மீட்டர் போதாது. அதனால் ஒரு நேர்ப்பகுதி மட்டும் வளைவைத் தாண்டிப் பின்னால் நீட்டப்படுகிறது. முடிவுக்கோடு அந்த நேர்ப்பகுதியின் மறுமுனையில் இருக்கிறது. பார்வையாளர் மாடமும் அதை ஒட்டியே கட்டப்படுகிறது. ஒவ்வொரு ஓடுபாதையும் 1.22 மீட்டர் அகலம் என்பதால், 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டரும் எட்டாம் பாதைக்காரர் 53.03 மீட்டரும் முன்தள்ளி நிற்கிறார்கள். இந்தக் கோடுகள் எல்லாம் ஒரே திசைக்காக வரையப்பட்டவை. ஒரு திடலில் ஒரு நாள் வலஞ்சுழியாகப் போட்டி நடத்த வேண்டுமென்றால், கோடுகளை அழித்து வரைந்தால் மட்டும் போதாது. நீட்டிய நேர்ப்பகுதியையே மறுமுனையில் கட்ட வேண்டியிருக்கும்.

உடலும் பூமியும் தரும் விளக்கங்கள்

இதயம் இடப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம் திரும்புவது எளிது என்பது பள்ளி விளையாட்டு ஆசிரியர்களிடம் பரவலாகக் கேட்கக்கூடிய விளக்கம். இதயம் மார்பின் நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டத்தின் போக்கை மாற்றும் அளவுக்கு அது பெரிய எடை வேறுபாடு அல்ல. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கோ அதனால் ஒன்றும் ஆவதில்லை.

வலக்கால் பலமானது, வெளிப்பக்கக் கால் அதிகம் உழைக்க வேண்டும், எனவே வலக்கால் வெளியே இருப்பது நல்லது என்பது இன்னொரு விளக்கம். வளைவில் இரு கால்களும் சமமாக உழைப்பதில்லை என்பது உண்மை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் முதல் பாதையின் வளைவைக் கடப்பவர் ஏறத்தாழ 15 பாகை உட்பக்கம் சாய்ந்தாக வேண்டும். இதனால் உட்பக்கப் பாதமும் வெளிப்பக்கப் பாதமும் வெவ்வேறு விதமாகத் தரையை ஊன்றுகின்றன. ஒரே திசையில் நெடுநாள் பயிற்சி செய்பவரின் இரு கணுக்கால்களின் வலுவும் ஒரே மாதிரி வளர்வதில்லை. அதனால்தான் பல பயிற்சியாளர்கள் பயிற்சி நாட்களில் சில சுற்றுகளை எதிர்த்திசையில் ஓடச் சொல்கிறார்கள். ஆனால் இவை திசை முடிவான பிறகு வந்த விளைவுகள். விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனிதருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் சுற்றும் நாட்டம் உண்டா என்பதை ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். கண்கள் கட்டப்பட்டவர்கள் நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டு வட்டமடித்தார்கள் என்பது உண்மையானது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கமாகச் சுற்றவில்லை. ஒரே ஆள் சில வேளை இடமாகவும் சில வேளை வலமாகவும் திரும்பினார்.

பூமியின் சுழற்சி, அதாவது கொரியோலிஸ் விளைவு, காரணம் என்ற பேச்சைக் கணக்கே தள்ளிவிடுகிறது. நெய்வேலி ஏறத்தாழ 11.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கு நொடிக்கு 10 மீட்டர் ஓடுபவர்மீது கொரியோலிஸ் விளைவால் வரும் பக்கவாட்டு முடுக்கம், வளைவில் திரும்ப அவருக்குத் தேவையான முடுக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. இண்டியானாபொலிஸில் மணிக்கு 350 கிலோமீட்டரில் போகும் காருக்கும் அது நாலாயிரத்தில் ஒரு பங்குதான். வடக்கு அரைக்கோளத்தில் இந்த விளைவு பொருட்களை வலப்பக்கம் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்க அளவு இருந்திருந்தால், வலஞ்சுழிக்குத்தான் உதவியிருக்கும்.

இயற்பியல் விதிகளுக்கு வலமும் இடமும் ஒன்றே. கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தடத்தையும் காரையும் பக்கம் மாற்றி அமைத்தால் அதே வேகத்தில் எதிர்த்திசையில் ஓடலாம். எனவே விடையை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

குதிரைத் தடத்திலிருந்து

இங்கிலாந்தின் குதிரைப் பந்தயத் திடல்களுக்குப் பொதுவான திசை கிடையாது. ஆஸ்கட்டும் குட்வுட்டும் வலஞ்சுழி. எப்சமும் செல்டன்ஹாமும் இடஞ்சுழி. நிலத்தின் மேடு பள்ளத்துக்கேற்ப அமைந்த பழைய திடல்கள் அவை. ஆஸ்திரேலியாவில் திசை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: சிட்னியின் ராண்ட்விக்கில் குதிரைகள் வலஞ்சுழியாக ஓடும், மெல்போர்னின் ஃபிளெமிங்டனில் இடஞ்சுழியாக ஓடும். இரு ஊர்க் குதிரைகளும் ஒரே இனம், நாடும் ஒன்றே.

அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய எல்லாத் தடங்களும் இடஞ்சுழியாயின. இதற்குக் கென்டக்கியில் ஒரு கதை சொல்லப்படுகிறது. விடுதலைப் போருக்குப் பின் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் விட்லி என்பவர் தம் நிலத்தில் பந்தயத் தடம் அமைத்தார். ஆங்கிலேயர் மீதிருந்த வெறுப்பால் புல்லுக்குப் பதில் களிமண் தளம் போட்டார், குதிரைகளை எதிர்த்திசையில் ஓடவும் விட்டார் என்பது அக்கதை. விட்லி உண்மை மனிதர், தடமும் உண்மை. ஆனால் ஒருவருடைய கோபம் ஒரு கண்டத்தின் வழக்கத்தை முழுதாக விளக்கிவிடாது. நியூயார்க்கின் புகழ்பெற்ற பெல்மான்ட் திடலில் 1920 வரை குதிரைகள் ஆங்கிலேயர் பாணியில் வலஞ்சுழியாகவே ஓடின. 1921இல்தான் அது மற்றத் தடங்களோடு சேர்ந்துகொண்டது. வழக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பெரும்பான்மை ஒரு பக்கம் சாய்ந்த பிறகு மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போனார்கள்.

கார் பிறந்தபோது அதை ஓட்டிக் காட்ட இடம் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் பந்தயங்கள் ஊர்விட்டு ஊர் செல்லும் பொதுச் சாலைகளில் தொடங்கின. அமெரிக்காவில் நல்ல சாலைகள் குறைவு. ஆனால் ஊருக்கு ஊர் சந்தைத் திடல்களில் குதிரைவண்டிப் பந்தயத்துக்கான மண் தடங்கள் இருந்தன. சுற்றிலும் வேலி, உட்கார மாடம், நுழைவுச் சீட்டு விற்க வாசல் எல்லாம் தயாராக இருந்தன. 1896 செப்டம்பரில் ரோட் தீவு மாநிலத்தின் நாரகன்செட் குதிரைத் திடலில் நடந்த கார்ப் பந்தயம் அமெரிக்காவில் தடத்தில் நடந்த முதல் பந்தயமாகக் கருதப்படுகிறது. அதை வென்றது ஒரு மின்சாரக் கார் என்பது இன்று படிப்பவருக்கு வியப்பாக இருக்கலாம். குதிரைகள் ஓடிய பக்கமே கார்களும் ஓடின. நடுவர் மேடை, முடிவுக்கோடு, மாடம் எல்லாம் அத்திசைக்கு அமைந்திருக்கும்போது வேறு பக்கம் ஓட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

1909இல் கார்களுக்கென்றே கட்டப்பட்ட இண்டியானாபொலிஸ் தடம் இந்த வடிவத்தையும் திசையையும் பெரிதாக்கிக்கொண்டது. சுற்று 2.5 மைல், அதாவது ஏறத்தாழ 4 கிலோமீட்டர், நான்கு வளைவுகள், ஒவ்வொன்றும் கால் மைல் நீளம். முதலில் போட்ட கல்லும் தாரும் கலந்த தளம் பந்தயத்திலேயே பெயர்ந்து உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் ஏறத்தாழ 32 லட்சம் செங்கற்கள் பதிக்கப்பட்டன. 1911இல் அங்கு முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. அதன் புகழுக்குப் பின் எழுந்த நீள்வட்டத் தடங்களுக்குத் திசை குறித்து யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஓட்டுநர் இருக்கை

அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். இடப்பக்கம் திரும்பும் கார் பிடியிழந்தால் வெளிப்பக்கம், அதாவது வலப்பக்கம், வழுக்கிச் சுவரில் மோதும். அப்போது ஓட்டுநர் சுவருக்கு மறுபக்கம் இருப்பார். மோதலை முதலில் வாங்குவது காரின் வலப்பக்கம். எனவே பாதுகாப்புக்காகவே இடஞ்சுழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பார்கள்.

கேட்க நியாயமாக இருந்தாலும் காலவரிசை இடிக்கிறது. 1908இல் வந்த ஃபோர்டின் மாடல் டி காருக்கு முன் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது. தொடக்க காலப் பந்தயக்காரர்கள் சுவர் அல்லது வேலியை ஒட்டிய பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் இடஞ்சுழியாக ஓட்டினார்கள். 1911இல் இண்டியானாபொலிஸில் வென்ற ரே ஹாரூனின் காரில் இருக்கை நடுவில் இருந்தது. இன்றைய இண்டிகார்களிலும் அப்படியே. ஆக, இருக்கை திசையைத் தோற்றுவிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த திசை, இருக்கை இடப்பக்கம் மாறியபின், தற்செயலாகப் பாதுகாப்பானதாக ஆயிற்று.

அதற்காக இருக்கை வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. மெல்போர்ன் அருகே 1987இல் திறக்கப்பட்ட கால்டர் பார்க் தண்டர்டோம் இதற்குச் சான்று. சரிவு வளைவுகள் கொண்ட அந்த நீள்வட்டத் தடத்தில் அமெரிக்க நாஸ்கார் கார்கள் இடஞ்சுழியாக ஓடின. அதே தடத்தில் ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிரிவான ஆஸ்கார் பந்தயம், உள்நாட்டு வலப்பக்க ஸ்டீயரிங் கார்களைக் கொண்டு வலஞ்சுழியாக நடந்தது. ஒரே தடம், ஒரே சுவர். ஓட்டுநர் உட்காரும் பக்கம் மாறியதும் திசையும் மாறியது. புதிதாகத் தொடங்கும் இடத்தில், வழக்கத்தின் பிடி இல்லாதபோது, பாதுகாப்பு திசையை முடிவுசெய்ய முடியும் என்பதை இது காட்டுகிறது.

ரவுண்டானாவிலும் இதே ஒழுங்கைக் காணலாம். இந்தியாவில் வலஞ்சுழியாகச் சுற்றும் ஓட்டுநர் வலப்பக்கம், நடுத்திட்டை நோக்கி அமர்ந்திருக்கிறார். அமெரிக்காவில் இடஞ்சுழியாகச் சுற்றுபவர் இடப்பக்கம், அதுவும் நடுத்திட்டை நோக்கியே அமர்ந்திருக்கிறார். இந்தியச் சாலைக் கார்களைக் கொண்டு இங்கே ஒரு நீள்வட்டத் தடம் அமைப்பதாக இருந்தால், இந்த நியாயப்படி அது வலஞ்சுழியாக இருப்பதே பொருந்தும்.

ஒருபக்கம் திரும்பும் கார்

திசை உறுதியானதும் காரும் அதற்கேற்ப ஒருபக்கச் சாய்வோடு கட்டப்பட்டது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். எடுத்துக்காட்டாக, 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர் அகலம் இருந்தால், வெளிப்பக்கச் சக்கரம் ஏறத்தாழ 2.7 விழுக்காடு கூடுதலாக உருளும். ஆகவே பல நீள்வட்டத் தடக் கார்களில் வலப்பக்க டயர்கள் இடப்பக்க டயர்களைவிடச் சற்றுப் பெரிதாகப் பொருத்தப்படுகின்றன. எடை முடிந்தவரை இடப்பக்கம் வைக்கப்படுகிறது. விதிகள் அதற்கு வரம்பு கட்ட வேண்டிய அளவுக்கு இதில் போட்டி நிலவுகிறது. இரு முன்சக்கரங்களும் மேற்புறம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நாஸ்கார் கார்களில் எரிபொருள் நிரப்பும் வாயும் இடப்பக்கமே. இத்தகைய காரை நேர்ச்சாலையில் விட்டு ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால், அது தானாகவே இடப்பக்கம் ஒதுங்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் இந்த நன்மைகள் எல்லாம் தலைகீழாகிவிடும்.

தடத்தின் உறுப்புகளும் அப்படித்தான். பிட் பாதை பிரியும் இடம், உட்சுவரில் உள்ள திறப்புகள், தடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் முறை ஆகியவை வரும் காரின் திசையை வைத்தே அமைகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் காருக்குச் சுவரின் வெட்டுமுனை நேருக்கு நேர் நிற்கும். வேகமாக வரும் காருக்கு அது உயிராபத்து.

வளைவின் சரிவு மட்டும் திசை பார்ப்பதில்லை. இண்டியானாபொலிஸில் அது 9 பாகைக்குச் சற்று மேல். ஆரம் ஏறத்தாழ 256 மீட்டர். டயரின் பிடிமானம் இல்லாமல், சரிவை மட்டும் நம்பித் திரும்பக்கூடிய வேகம் அங்கு மணிக்கு 73 கிலோமீட்டர் அளவுதான். 350 கிலோமீட்டரில் அதே ஆரத்தில் திரும்பத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பைப்போல் மூன்றேமுக்கால் மடங்கு. மிச்சம் அத்தனையையும் டயர்களே தாங்க வேண்டும். அதிலும் வெளிப்பக்க டயர்களுக்குத்தான் பெரும் சுமை.

நரேன் கார்த்திகேயனும் இண்டியானாபொலிஸும்

இரு திசைகளையும் அமெரிக்காவில் ஓட்டிப் பார்த்த தமிழர், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2005இல் ஜோர்டன் அணிக்காகக் களமிறங்கினார்.

பார்முலா 1 தடங்களில் பெரும்பாலானவை வலஞ்சுழி. பிரேசிலின் இண்டர்லாகோஸ் போன்ற சில மட்டும் இடஞ்சுழி. வலஞ்சுழிக்குப் பழகிய ஓட்டுநர்களுக்கு இண்டர்லாகோஸில் கழுத்து வலிக்கும், ஏனெனில் அதுவரை அதிகம் உழைக்காத பக்கத்துத் தசைகள் அங்கு தலையைத் தாங்க வேண்டியிருக்கும். 2000 முதல் 2007 வரை அமெரிக்கக் கிராண்ட் பிரீ இண்டியானாபொலிஸில் நடந்தபோது, நீள்வட்டத்தின் ஒரு பகுதியையும் உட்புறம் புதிதாக அமைத்த வளைவுப் பாதையையும் இணைத்துத் தடம் உருவாக்கப்பட்டது. பார்முலா 1 கார்கள் அதில் வலஞ்சுழியாக ஓடின. அதாவது ஒன்பது பத்தாண்டுகளாக இடப்பக்கம் மட்டுமே திரும்பிய சரிவு வளைவை அவை எதிர்த்திசையில் கடந்தன. நீள்வட்டத்தின் முதல் வளைவு அவற்றுக்கு 13ஆம் வளைவாயிற்று.

2005 ஜூன் 17 வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது அந்த வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் இடப்பக்கப் பின்டயர் செயலிழந்து, கார் சுவரில் மோதியது. வலஞ்சுழியில் வெளிப்பக்கமாக இருப்பது இடப்பக்கம் என்பதால் சுமை அந்த டயரில் குவிந்தது. அவருடைய டயர் மிஷெலின் தயாரிப்பு. வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் தங்கள் டயர்கள் பாதுகாப்பானவை அல்ல என்று மிஷெலின் அறிவித்தது. அப்படித் தடத்தை மாற்ற உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு மறுத்தது. திசையே விபத்துக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. சரிவு வளைவில் காரை அழுத்தும் சுமைக்கு அந்த டயர் வடிவமைக்கப்படவில்லை. எத்திசையில் ஓடியிருந்தாலும் வெளிப்பக்க டயர் ஒன்று அந்தச் சுமையை ஏற்றிருக்கும். ஆனால் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களுக்கு அங்கு அச்சிக்கல் எழவில்லை. அதன் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்கு டயர் வழங்கி வந்ததால், அந்தத் தளத்தின் இயல்பு அவர்களுக்குப் புதிதல்ல.

ஜூன் 19 அன்று முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்களும் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. மீதியிருந்த 6 கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், ரூபன்ஸ் பாரிகெல்லோ இரண்டாமிடம், ஜோர்டனின் டியாகோ மொன்டேரோ மூன்றாமிடம் பெற, நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா 1இல் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. ஆறு கார் பந்தயத்தில் கிடைத்தவை என்று அவற்றைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அந்த வளைவை ஒவ்வொரு சுற்றிலும் முழு வேகத்தில் கடந்தே அவர் அவற்றைப் பெற்றார்.

2010இல் அவர் நாஸ்காரின் டிரக் பந்தயப் பிரிவில் சேர்ந்தார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது. மார்ச் 27 அன்று வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம். அரை மைலுக்குச் சற்றே கூடுதலான, காகிதச் செருகி போன்ற வடிவமுள்ள தடம் அது: இரு நீண்ட நேர்ப்பகுதிகள், இரு முனைகளிலும் 12 பாகைச் சரிவுள்ள இறுக்கமான வளைவுகள். ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை கடுமையாக பிரேக் பிடித்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் பக்கத்திலும் எப்போதும் வேறு வண்டிகள் உரசும். வலமும் இடமும் மாறி மாறித் திரும்பும் தடங்களில் வளர்ந்த ஓட்டுநருக்கு, இடப்பக்கம் மட்டுமே திரும்புவதற்காகச் சாய்த்துக் கட்டிய கனமான வண்டி முற்றிலும் வேறு தொழில். அப்பந்தயத்தில் அவர் 13ஆவதாக வந்தார். அந்த ஆண்டின் முடிவில் ரசிகர்களின் வாக்கெடுப்பில் அப்பிரிவின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராகவும் தேர்வானார்.